பூட்டைப் பற்றியும் பாடம் நடத்துங்கள்

சிங்கப்பூர்க் கல்வி அமைச்சின் அதிகாரிகளுக்கும் உயர்நிலைப் பள்ளி முதல்வர்களுக்கும்,

வணக்கம்.

நான் யீஷூனில் வசிக்கும் ஒரு தாய். மகள் உயர்நிலை மூன்று, மகன் உயர்நிலை ஒன்று. இருவரிடமும் பள்ளி வழியாக வாங்கிய கற்றல் சாதனம் இருக்கிறது. மகளுக்கு ஐபேட். மகன் வேறு பள்ளி என்பதால் அவனுக்குக் குரோம்புக். பிள்ளைகளின் படிப்புக்கு அரசாங்கம் போடும் எடுசேவ் பணம் போக மிச்சத்தைக் கையிலிருந்து கட்டினோம். சாதனமே வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. பெற்றோர் கூட்டத்தில் யார் இந்தப் பேச்சை எடுத்தாலும் உடனே “புத்தகமே போதும்” கட்சியில் சேர்த்துவிடுகிறார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான்: உயர்நிலை ஒன்றில் அந்தச் சாதனத்துக்குப் போடும் பூட்டை நான்கு ஆண்டுகளில் படிப்படியாகத் திறந்துவிடுங்கள். திறக்கும் ஒவ்வொரு படியையும் வகுப்பில் பாடமாக நடத்துங்கள்.

2020 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் தேசிய மின்னிலக்க அறிவுத் திட்டத்தை அறிவித்தபோது, உயர்நிலைப் பள்ளி மாணவர் அனைவரிடமும் சாதனம் இருக்க வேண்டிய ஆண்டு 2028. கொவிட் வந்து, பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்க வேண்டிய நிலை வந்ததும் 2021 இறுதிக்குள் என்று மாற்றினீர்கள். சொன்னபடி செய்தும் காட்டினீர்கள். வாடகை வீட்டுப் பிள்ளையும் தரைவீட்டுப் பிள்ளையும் ஒரே மாதிரிச் சாதனத்தை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்வது சின்ன விஷயம் இல்லை. எத்தனையோ நாடுகள் இன்னும் பேசிக்கொண்டிருக்கும் காரியம் அது. ஆனால் இந்த அவசரத்தில் சாதனம் முந்திக்கொண்டுவிட்டது. அதோடு எப்படி வாழ்வது என்ற பாடம் இன்னும் பின்னால்தான் வந்துகொண்டிருக்கிறது.

சாதனத்தோடு கூடவே டிஎம்ஏ எனும் மேலாண்மைச் செயலியும் வந்தது. எந்தத் தளத்தைத் திறக்கலாம், எந்தச் செயலியை இறக்கலாம், இரவு எத்தனை மணிக்குத் திரை அணைய வேண்டும் என்பதையெல்லாம் அதுதான் பார்த்துக்கொள்கிறது. பாட நேரத்தில் ஆசிரியர் தம் இடத்திலிருந்தே பிள்ளைகளின் திரைகளைப் பார்க்கலாம், பூட்டலாம். பள்ளி முடிந்த பிறகு எப்படி இருக்க வேண்டும் என்று பெற்றோரைக் கேட்கிறீர்கள். பள்ளியின் கட்டுப்பாடே வீட்டிலும் தொடரலாம், அல்லது பெற்றோர் தாங்களே மாற்றி அமைத்துக்கொள்ளலாம், அல்லது பள்ளி நேரத்துக்குப் பிறகு அதை நிறுத்தியே வைக்கலாம். பதில் அனுப்பாவிட்டால் முதல் வழிதான்.

அந்தப் படிவம் வந்த அன்று எங்கள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நடந்த பேச்சை அப்படியே தருகிறேன். “எல்லாரும் எதைப் போட்டீங்க?” “டிஃபால்ட்தான்.” “அப்போ நானும் அதையே போட்டுடறேன்.” இரண்டு கட்டைவிரல் படங்கள், ஒரு நன்றி. அப்புறம் பேச்சு சீருடை அளவுக்குப் போய்விட்டது. பிள்ளையின் நான்கு ஆண்டு இணைய வாழ்க்கையைப் பற்றிய முடிவு அது. எடுக்கப்பட்டது தேநீர் இடைவேளையில். அதில் அந்தப் பிள்ளையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படிவத்திலும் அதற்கு இடம் இல்லை.

அந்தச் செயலி எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று என் மகனைக் கேட்டேன். “எல்லாத்தையும் பார்க்கும்மா. கேமரா வழியாவும் பார்க்கும்” என்றான். குரோம்புக்கின் கேமரா மேல் ஒரு டைனோசர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறான். வீடியோ பாடம் வந்தால் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, முடிந்ததும் திரும்ப ஒட்டுவான். அதன் பசை போய் இப்போது ஸ்டிக்கருக்கு மேல் செலோடேப்பும் ஏறியிருக்கிறது.

உண்மை என்ன? 2021 தொடக்கத்தில், இந்தச் செயலியைத் தங்கள் சாதனங்களில் ஏற்றுவதை எதிர்த்து மாணவர்கள் இணையத்தில் ஒரு மனு போட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். அமைச்சும் அப்போது விளக்கம் தந்தது. பொருத்தமில்லாத தளங்களைத் தடுப்பதற்காகத் தேடல் வரலாறு போன்றவை பதிவாகும். கடவுச்சொல், சேமித்து வைத்திருக்கும் கோப்புகள், படங்கள், இருக்கும் இடம், கேமரா, ஒலிவாங்கி இவற்றிலிருந்து எதையும் எடுப்பதில்லை என்று சொன்னீர்கள். நல்ல, தெளிவான பதில். ஆனால் அன்று தொடக்கநிலை இரண்டில் இருந்த என் மகனுக்கு அந்தப் பதில் எப்படிப் போய்ச் சேரும்? ஒவ்வோர் ஆண்டும் புதிதாக உயர்நிலை ஒன்றுக்கு வரும் பிள்ளைகளுக்கு அதை யார் சொல்கிறார்கள்? சாதனம் கைக்கு வரும் நாளில் உறை போடுவது எப்படி, சார்ஜ் போடுவது எப்படி, உடைந்தால் காப்புறுதிக்கு யாரை அழைப்பது என்றெல்லாம் சொல்லித் தருகிறார்கள். யார் உன்னைப் பார்க்கிறார்கள், எந்த அளவுக்கு, எதற்காக என்று சொல்லித் தருவதில்லை.

அந்த மனுவை நான் வேறு மாதிரியும் பார்க்கிறேன். பதின்ம வயதுப் பிள்ளைகள் ஒரு விதியைப் படித்திருக்கிறார்கள், அதில் தங்களுக்கு உடன்பாடில்லாததைக் கண்டிருக்கிறார்கள், கல்லெறியாமல், ஆளைத் திட்டாமல், காரணம் எழுதிக் கையெழுத்து திரட்டியிருக்கிறார்கள். மின்னிலக்கக் குடிமை என்று நாம் சொல்வது இதைத்தானே? குணநலன், குடியியல் கல்விப் பாடத்தில் இந்த நிகழ்வுக்கு ஒரு வகுப்பு ஒதுக்கலாம். மாணவர் தரப்பையும் அமைச்சின் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது நியாயம் என்று விவாதிக்க விடலாம். இதற்கு மேல் பொருத்தமான பாடப்பொருள் எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

2024 ஆகஸ்ட் மாதமும் அப்படி ஒரு வாய்ப்பு வந்தது. அந்த மேலாண்மைச் செயலியை நடத்திய வெளிநாட்டு நிறுவனத்துக்குள் யாரோ ஊடுருவ, இங்கே 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறக்குறைய 13,000 மாணவர்களின் சாதனங்கள் தொலைவிலிருந்தே துடைக்கப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரலில் அதே நிறுவனத்திடமிருந்து 127 பள்ளிகளின் பெற்றோர், ஊழியர் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் வெளியே போயிருந்தன. ஆகஸ்டில் அமைச்சு அந்தச் செயலியை எல்லாச் சாதனங்களிலிருந்தும் எடுத்தது; பிறகு அதன் இடத்துக்கு வேறு செயலி வந்தது. தொழில்நுட்ப உதவிக்கு ஆட்களை அனுப்பியது. எல்லாம் சரி. ஆனால் தேர்வு நெருங்கும் நேரத்தில் குறிப்புகளை இழந்து நின்ற பிள்ளைகளிடம் யாராவது உட்கார்ந்து பேசினார்களா? உன் சாதனத்தின் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது. அதில் ஒருவரிடமிருந்து சாவி திருடு போனால் என்ன ஆகும். ஒரு பிரதியை வேறு இடத்தில் வைப்பது ஏன். ஒரு நிறுவனம் தவறினால் நாம் யாரிடம் கணக்குக் கேட்கலாம். அந்த வாரத்தில் இந்தக் கேள்விகளைக் கேட்டிருந்தால் கொட்டாவி விட ஒரு பிள்ளைகூட இருந்திருக்காது. நம் ஊரில் ஒரு குழாய் உடைந்தால்கூட அதை வைத்து நீர்ச் சேமிப்புப் பாடம் நடத்திவிடுவோம். இதை மட்டும் சத்தமில்லாமல் கடந்துவிட்டோம்.

இப்போது நடக்கும் சைபர் வெல்னஸ் எனும் இணைய நலப் பாடத்தையும் குறைத்துச் சொல்லக் கூடாது. உணர், சிந்தி, செயல்படு என்ற அதன் அடித்தளம் நல்லதுதான். ஆனால் வகுப்பில் அது எப்படி வந்து இறங்குகிறது? திரையில் ஒரு சூழ்நிலை: முன்பின் தெரியாத ஒருவர் உன் படத்தைக் கேட்கிறார். நீ என்ன செய்வாய்? அ, அனுப்புவேன். ஆ, யோசிப்பேன். இ, நம்பிக்கையான பெரியவரிடம் சொல்வேன். என் மகள் சொல்கிறாள்: “எது சரியான விடைன்னு தொடக்கநிலை நாலுலேயே எங்களுக்குத் தெரியும்மா. அதைத் தொட்டுட்டு மிச்ச நேரத்துல கணக்கு ஹோம்வொர்க் முடிப்போம்.” சரியான விடை தெரிந்த பிள்ளைதான் இரவு பத்து மணிக்கு வேறொன்றைச் செய்கிறது. பாடம் போய்ச் சேர வேண்டிய இடம் அந்த இரவு பத்து மணி.

அப்படி ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். 2026 ஜனவரியிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளில் பள்ளி நேரம் முழுவதும், இடைவேளையிலும் இணைப்பாட நடவடிக்கையிலும்கூட, கைத்தொலைபேசிக்கும் ஸ்மார்ட் கைக்கடிகாரத்துக்கும் அனுமதி இல்லை. நான் வரவேற்ற விதி இது. ஆனால் மேசை மேல் கற்றல் சாதனம் திறந்தே இருக்கிறது அல்லவா? தொலைபேசியில் நடந்தது அதற்குள் குடி வந்துவிட்டது.

மகளின் வகுப்பில் அறிவியல் குழுப்பணிக்காக ஐந்து பேர் சேர்ந்து ஒரு கூகல் டாக்ஸ் கோப்பைத் திறந்தார்கள். மேலே செரிமான மண்டலத்தின் படம், குறிப்புகள். மூன்றாம் பக்கத்துக்குக் கீழே வெறும் வெள்ளைத் தாள். ஆசிரியர் எட்டிப் பார்த்தால் வெள்ளைத் தாள்தான் தெரியும். பிள்ளைகள் அந்த இடத்தை இழுத்துத் தேர்வு செய்தால் எழுத்துகள் தெரியும். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து. ஐந்து பேரில் தொடங்கிய அரட்டை அரை வகுப்புக்குப் பரவியது. பெரும்பாலும் கேன்டீனில் இன்று என்ன, எந்தப் பாட்டு, எந்த ஆசிரியர் இருமுகிறார் இவைதான். பிறகு ஒரு நாள் யாரோ ஒரு மாணவனின் உடம்பைக் கேலி செய்து நான்கு வரி எழுதினார்கள். படித்தவர்கள் சிலர் சிரிப்புக் குறி போட்டார்கள், பலர் ஒன்றும் சொல்லவில்லை. எழுதியவர் சற்று நேரத்தில் அழித்துவிட்டார். அழித்தால் போய்விடும் என்று நினைத்தார். ஒரு மாணவி கோப்பின் பழைய பதிப்புகளைத் திறந்து, எந்தக் கணக்கிலிருந்து எத்தனை மணிக்கு அந்த வரிகள் வந்தன என்று எல்லாருக்கும் காட்டிவிட்டாள். அடுத்த நாள் கோப்பின் உச்சியில் பிள்ளைகளே ஒரு வரி எழுதி வைத்திருந்தார்கள்: இங்கே யாரைப் பற்றியும் பெயர் சொல்லிப் பேசக் கூடாது.

பள்ளிக்கு விஷயம் தெரிந்தது. கோப்பு அழிக்கப்பட்டது. எழுதிய மாணவர் ஆலோசகரிடம் அனுப்பப்பட்டார். கோப்பைப் பிறரோடு பகிரும் வசதி கொஞ்ச நாள் வகுப்புக்கே நிறுத்தப்பட்டது. இதில் எந்த நடவடிக்கையும் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கோப்புக்குள் எவ்வளவு இருந்தது பாருங்கள். அழித்தது உண்மையில் அழிகிறதா? பெயரில்லாமல் எழுதுவதாக நினைக்கும்போது எத்தனை பெயர்கள் பதிவாகின்றன? ஒன்றும் சொல்லாமல் படித்துவிட்டுப் போனவருக்குப் பங்கு உண்டா? ஆளைக் காட்டிக்கொடுத்த மாணவி செய்தது நியாயமா, அவளும் ஒருவரை அம்பலப்படுத்தினாளா? எல்லாவற்றையும்விட, பெரியவர் யாரும் சொல்லாமலே பிள்ளைகள் தங்களுக்கென ஒரு விதியை எழுதியிருந்தார்கள். கோப்போடு சேர்த்து அந்த விதியையும் அழித்துவிட்டோம். வகுப்பாசிரியர் அந்தக் கோப்பைத் திரையில் போட்டு, பெயர்களை மறைத்துவிட்டு, ஒரு மணி நேரம் பேசியிருந்தால் போதும். அவர் பேச விரும்பியிருப்பார் என்றுகூட நினைக்கிறேன். ஆனால் 40 பிள்ளைகள், திருத்த வேண்டிய தாள்கள், இணைப்பாட நடவடிக்கை, பெற்றோர் மின்னஞ்சல்கள். நாற்பதில் ஒரு பெற்றோர் புகார் எழுதினால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. கோப்பை அழிப்பது பாதுகாப்பான வழி. அவருக்கு வேறு வழியைத் திறந்துவைக்க வேண்டியவர்கள் நீங்கள்.

என் வேலையிலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். வங்கி ஒன்றில் மோசடிப் புகார்களைக் கையாளும் பிரிவில் இருக்கிறேன். 2024இல் இந்த நாட்டு மக்கள் மோசடிகளில் பறிகொடுத்தது குறைந்தது 110 கோடி வெள்ளி என்று காவல்துறை சொன்னது. தொலைபேசியில் அழும் முதியவர்களைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். பணம் போய்ச் சேரும் கணக்குகளைப் பற்றிப் பேசுவது குறைவு. அந்தக் கணக்குகளில் சில, பள்ளி முடித்து ஓரிரு ஆண்டுகளே ஆன பிள்ளைகளின் பெயரில் இருக்கும். டெலிகிராமில், அரசாங்கத்தின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸைக் குறிவைத்து ஒரு விளம்பரம்: சிங்பாஸ் இருக்கிறதா, இரண்டு நாளைக்குக் கடன் கொடு, இருநூறு முந்நூறு வெள்ளி தருகிறோம். பையன் கொடுத்துவிடுகிறான். அவனைப் பொறுத்தவரை அது விளையாட்டுக் கணக்கின் கடவுச்சொல்லை நண்பனுக்குக் கொடுப்பது போன்ற காரியம். அவன் பெயரில் கணக்கு திறக்கப்படுகிறது, யாரோ ஒரு பாட்டியின் சேமிப்பு அதற்குள் வந்து அரை மணி நேரத்தில் வெளியேறுகிறது. சிங்பாஸ் விவரங்களைப் பிறருக்குக் கொடுப்பது 2024 பிப்ரவரியிலிருந்து சட்டப்படியே குற்றம். விசாரணைக்கு வரும் பிள்ளைகள் திருடர்கள் போலவே இருக்க மாட்டார்கள். ஒன்பது பாடத்தில் நல்ல மதிப்பெண் எடுத்த முகங்களும் இருக்கும்.

சிங்பாஸ் எந்த வயதில் கிடைக்கிறது? 15. அடையாள அட்டைக்குப் பதிவதும் அதே வயதில்தான். அதாவது உயர்நிலை மூன்று. ஒரு பக்கம் அரசாங்கம் பிள்ளையிடம் தன் பெயரில் கையெழுத்திடும் அதிகாரத்தைக் கொடுக்கிறது. மறுபக்கம் அதே பிள்ளையின் கற்றல் சாதனம் 13 வயதில் போட்ட அதே பூட்டோடு, இரவு 10.30க்குத் தானாக அணைகிறது. 2025 வரை 11 மணி, 2026இல் அரை மணி முன்னால் இழுத்திருக்கிறீர்கள். தூக்கத்துக்கு நல்லது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உயர்நிலை நான்கு முடிந்து பாலிடெக்னிக்குக்கோ தொடக்கக் கல்லூரிக்கோ போகும் பிள்ளை, தானே திரையை அணைத்துப் பழகியதே இல்லை என்றால் அதற்கு யார் பொறுப்பு?

நம் வீவக அடுக்குமாடி வீடுகளில் சாவி கொடுப்பதை நினைத்துப் பாருங்கள். முதலில் கீழ்த்தளக் கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வரும்போது கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்போம். பிறகு சாவியைக் கொடுத்து, வந்ததும் அழைக்கச் சொல்வோம். பிறகு அழைப்பதும் நின்றுவிடும். ஒரு நாளும் பெற்றோர் யாரும் 17 வயது வரை சாவியைத் தராமல் வைத்திருந்து, பிறந்தநாளன்று முழுக் கொத்தையும் தூக்கிக் கொடுப்பதில்லை.

ஆகவே பள்ளியிலும் அப்படித் தொடங்கலாம். உயர்நிலை ஒன்றில் பூட்டு முழுசாக இருக்கட்டும், நானே அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் முதல் தவணையில் பூட்டே பாடமாகட்டும். டிஎம்ஏ என்ன செய்கிறது, ஆசிரியரின் திரையில் என்ன தெரிகிறது என்று ஆசிரியர் தம் திரையைத் திருப்பிக் காட்டட்டும். என் மகன் போன்றவர்களின் ஸ்டிக்கர் பாதி அங்கேயே கழன்றுவிடும். மீதிப் பாதி ஒட்டியே இருந்தாலும் பரவாயில்லை, கேமராவை மூடிவைப்பது கெட்ட பழக்கம் இல்லை. இரண்டாம் ஆண்டில் இரவு நேரக் கட்டுப்பாட்டைப் பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். வகுப்பில் ஒரு வாரம் தங்கள் திரை நேரத்தைத் தாங்களே குறித்துவைத்து, அதை எடுத்துக்கொண்டு வீட்டில் பேசட்டும். மூன்றாம் ஆண்டில் சிங்பாஸ், வங்கிக் கணக்கு, சிம் அட்டை இவற்றோடு வரும் பொறுப்பு. இதற்குக் காவல்துறையின் விளக்கக் காணொளி மட்டும் போதாது. கணக்கைக் கொடுத்துச் சிக்கிய ஓர் இளைஞர் முகம் காட்டாமல் வந்து பேசினால்கூட அதன் எடை வேறு. நான்காம் ஆண்டில், பள்ளி நேரத்துக்குப் பிறகு பூட்டு இல்லை என்பதே வழக்கமான நிலையாக இருக்கட்டும். தொடர்ந்து வேண்டும் என்ற பெற்றோர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தடுமாறும் பிள்ளைக்கு ஒரு படி பின்வாங்கலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

தாய்மொழி வகுப்பையும் இதில் மறந்துவிடாதீர்கள். ஏஐ கருவிகள் எஸ்எல்எஸ் எனும் மாணவர் கற்றல் தளத்துக்குள்ளேயே வந்துவிட்டன, வெளியே கிடைப்பவற்றைச் சொல்லவே வேண்டாம். இயந்திரம் எழுதிய கட்டுரை தமிழ் வகுப்பில் பளிச்சென்று தெரிந்துவிடும் என்கிறார் எனக்குத் தெரிந்த தமிழாசிரியை ஒருவர். ‘நான் செய்த உதவி’ என்று தலைப்புக் கொடுத்தால், புக்கிட் பாத்தோக்கில் பதினான்காம் மாடியில் வசிக்கும் பிள்ளை, வயல் வரப்பில் நடந்து போய் மாட்டுவண்டிக்காரருக்குத் தண்ணீர் கொடுத்ததாக எழுதி வந்திருக்கும். பாட்டியின் பெயர்கூட இரண்டு பிள்ளைகளுக்கு ஒன்றாக இருக்கும். சிரித்துவிட்டு விடக்கூடிய காரியம் இல்லை இது. தமிழ் வகுப்பில் பதினைந்து பேர்தான் இருப்பார்கள், ஆசிரியருக்கு ஒவ்வொருவரின் வீடும் தெரியும். எது உன்னுடையது, எதை இயந்திரத்திடம் கேட்கலாம், கேட்டதை எப்படி ஒப்புக்கொள்ள வேண்டும் என்று பேச இதைவிட நல்ல இடம் பள்ளியில் வேறு இல்லை. தொடக்கநிலையில் குணநலன், குடியியல் கல்வியைத் தாய்மொழியில் நடத்துகிறோம். உயர்நிலையில் இந்த ஒரு பகுதியையாவது தாய்மொழி ஆசிரியர்களிடமும் பகிர்ந்து கொடுக்கலாம். வீட்டில் தாத்தா பாட்டிக்கு வரும் வாட்ஸ்அப் வதந்தி தமிழில்தான் வருகிறது. அதைப் படித்துப் பொய் எது என்று எடுத்துச் சொல்ல வேண்டிய பேரப்பிள்ளைக்கு அந்தச் சொற்கள் தமிழில் வேண்டும்.

இதற்கு எதிராகப் பெற்றோரே முன்னால் நிற்பார்கள் என்று தெரியும். இன்னும் இறுக்கமான பூட்டு வேண்டும் என்று உங்களுக்கு எழுதுபவர்கள் என்னைப் போல எழுதுபவர்களைவிட அதிகம் இருப்பார்கள். அவர்கள் பயம் வெறும் பயம் இல்லை. 2024 நவம்பரில் இங்கே ஒரு பள்ளியில் மாணவியரின் படங்களை ஏஐ கொண்டு ஆபாசமாக மாற்றிப் பரப்பிய விவகாரம் காவல்துறை வரை போனது. பெண்பிள்ளை வைத்திருக்கும் எனக்கு அந்தச் செய்தியைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், அப்படிப்பட்ட படத்தை உருவாக்கக் கற்றல் சாதனம் எதற்கு? கைத்தொலைபேசி போதும், வீட்டு மடிக்கணினி போதும். பூட்டு அங்கே எட்டாது. மாற்றி உருவாக்கிய படத்தைப் பரப்பினாலும் அது குற்றவியல் சட்டப்படி குற்றம் என்று எத்தனை 14 வயதுப் பையன்களுக்குத் தெரியும்? அவன் நண்பன் அதை அனுப்பும்போது “இதை அழிடா” என்று சொல்லும் தைரியம் எங்கிருந்து வரும்? வகுப்பாசிரியரின் முகத்தை வெட்டி வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கி எல்லாரும் சிரிக்கும் நாளில் அந்தப் பேச்சைத் தொடங்கியிருக்க வேண்டும். கோடு எங்கே என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்குச் சமூக ஊடகக் கணக்கே கூடாது என்றது. நாமும் அப்படிச் செய்யலாமே என்று எங்கள் குழுவில் தினமும் யாராவது கேட்கிறார்கள். செய்யலாம், செய்யாமல் இருக்கலாம், அது நீண்ட விவாதம். அங்கேயும் பிள்ளைகளுக்கு 16ஆம் பிறந்தநாள் வரத்தான் செய்யும்.

மாணவர்களிடம் இதற்கு ஆள் இல்லாமலும் இல்லை. சைபர் வெல்னஸ் மாணவர் தூதர்கள் என்று ஒரு திட்டமே பல ஆண்டுகளாக இருக்கிறது. அவர்களைச் சுவரொட்டி வரையவும் சபையில் நாடகம் போடவும் மட்டும் வைத்திருக்கிறோம். பள்ளியின் சாதன விதிகளை ஆண்டுக்கு ஒரு முறை திருத்தும்போது அவர்களை மேசையில் உட்கார வையுங்கள். எந்தத் தளம் ஏன் தடுக்கப்பட்டிருக்கிறது என்று கேட்கவும், தவறாகத் தடுக்கப்பட்டதைத் திறக்கச் சொல்லி விண்ணப்பிக்கவும் ஒரு வழி இருக்கட்டும். என் மகளின் உயிரியல் பாடத்துக்குத் தேவையான மார்பகப் புற்றுநோய்ப் பக்கம் ஒன்று திறக்கவே இல்லை. யாரிடம் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தோழியின் சாதனத்தில் தடையைத் தாண்டிப் போகும் விபிஎன் இருக்கிறது, அதில் பார்த்துவிட்டாள். விதியைச் சுற்றிப் போகும் வழியை எல்லாப் பிள்ளைகளும் தாங்களே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். விதியை மாற்றக் கேட்கும் வழியைத்தான் பள்ளி சொல்லித்தர வேண்டும்.

அடுத்த ஆண்டு உயர்நிலை ஒன்றுக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோர் விளக்கக் கூட்டத்துக்கு இப்போதே திட்டம் போட்டுக்கொண்டிருப்பீர்கள். அதில் அரை மணி நேரத்தை உயர்நிலை நான்கு மாணவர் இருவரிடம் கொடுங்கள். அவர்கள் என்ன பேசுவார்கள் என்று முன்னால் எழுதி வாங்க வேண்டாம். அப்புறம் அந்த டிஎம்ஏ படிவம். அதைத் தமிழ், மலாய், சீன மொழிகளிலும் அனுப்புங்கள். பெற்றோர் தேர்வுக்குக் கீழே மாணவரின் கருத்தை எழுத நான்கு வரி விடுங்கள், அவர் பெயருக்கும் கையொப்பத்துக்கும் ஒரு கோடு போடுங்கள். மகன் என்ன எழுதுவான் என்று எனக்கு இப்போதே ஓரளவு தெரியும். எழுதட்டும்.

இப்படிக்கு,
இரண்டு உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளின் தாய்
யீஷூன், சிங்கப்பூர்